400 ஏக்கர் போரில் கிடைத்ததா, காசு கொடுத்து வாங்கியதா? கெண்டக்கி முன்னோர் ஒருவரைத் தேடும் இழை

கேள்வி, பிப்ரவரி 2

என் கணவர் அமெரிக்கர். அவருடைய அம்மா வழி முன்னோர் ஒருவர் 1780-களில் வர்ஜீனியாவிலிருந்து கெண்டக்கிக்குப் போய்க் குடியேறியவர். புரட்சிப் போரில் கேப்டனாக இருந்தார், அதற்காக அரசாங்கம் 400 ஏக்கர் கொடுத்தது என்று மாமியார் வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். கையில் ஒரு துண்டுத் தாள்கூட இல்லை. படைப் பதிவுகளில் தேடினால் அதே பெயரில் ஏழெட்டுப் பேர் வருகிறார்கள். மாமியாருக்கு வயதாகிவிட்டது, அவர் இருக்கும்போதே கண்டுபிடித்துக் கையில் கொடுக்க ஆசை. எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில், பிப்ரவரி 2, இரவு

படைப் பதிவை இப்போதைக்கு மூடி வையுங்கள். நிலத்திலிருந்து ஆரம்பியுங்கள்.

காரணம் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. படைப் பட்டியல் பெயர், பதவி, படைப்பிரிவு, சம்பளம் என்று நின்றுவிடும். அப்பா யார், மனைவி யார், எந்த ஓடைக்கரையில் வீடு என்று அதில் இருக்காது. ஏழெட்டுப் பேரில் உங்களவர், அதாவது நீங்கள் தேடும் முன்னோர், யார் என்று அதை மட்டும் வைத்துச் சொல்லவே முடியாது. பத்திரம் அப்படியில்லை. ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தாலும், ஒரே நிலத்தை இரண்டு பேரும் விற்க முடியாது. விற்கும்போது மனைவி தன் பங்கை விட்டுக்கொடுத்ததாகத் தனியாக எழுதி வாங்குவார்கள், அங்கே அவர் பெயர் கிடைக்கும். எல்லை சொல்லும் இடத்தில் பக்கத்து நிலக்காரர் பெயர் வரும். பிள்ளைகள் பங்கு பிரித்தால் அத்தனை பேரும் வருவார்கள்.

நான் கெண்டக்கியில் வக்கீல்களுக்கு வில்லங்கம் பார்த்துக் கொடுக்கிற வேலையில் பல வருடமாக இருக்கிறேன். நிலக்கரிக் குத்தகை, சாலைக்கு நிலம் எடுப்பது என்று வந்தால் மூலப்பத்திரம் வரை பின்னோக்கிப் போயே ஆகவேண்டும். அப்படிப் போகும்போது குடும்பங்கள் மொத்தமாகக் கண்முன் வந்து நிற்கும்.

பிப்ரவரி 3

அந்த 400 என்கிற எண்ணைப் பற்றி. ராத்திரி அதே யோசனையாக இருந்தது.

வர்ஜீனியா தன் படைவீரர்களுக்குக் கொடுத்த நிலத்துக்குக் கணக்கு உண்டு. மூன்று வருடம் பணிபுரிந்த சாதாரண வீரருக்கு 100 ஏக்கர், போர் முடியும்வரை இருந்தவருக்கு 200. சார்ஜென்ட் போன்றவர்களுக்கு 200, கடைசிவரை இருந்தால் 400. கேப்டனுக்கு 4,000 ஏக்கர். ஆக, உங்கள் வீட்டுக் கதையில் கேப்டன் என்பதும் 400 என்பதும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. அவர் சார்ஜென்டாக இருந்திருக்கலாம். அல்லது கேப்டன்தான், ஆனால் நிலம் போருக்காக வந்ததல்ல.

இரண்டாவதுக்குத்தான் வாய்ப்பு அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. இந்த நில வெகுமதி காண்டினென்டல் படையிலும் (காங்கிரஸ் திரட்டிய பொதுப் படை) மாநிலத்தின் நிரந்தரப் படையிலும் இருந்தவர்களுக்கு மட்டும். உள்ளூர் மிலிஷியாவில் (தேவைப்படும்போது மட்டும் திரளும் குடிமக்கள் படை) இருந்தவர்களுக்குக் கிடையாது, கேப்டனாக இருந்தாலும் கிடையாது. எல்லைப்புறக் குடும்பங்களில் ‘கேப்டன்’ என்று நினைவில் நிற்பவர்களில் நிறையப் பேர் மிலிஷியா கேப்டன்கள்.

அப்புறம், 1779-ல் வர்ஜீனியா கொண்டுவந்த நிலச் சட்டத்திலும் இதே 400 வருகிறது. 1778 ஜனவரி 1-க்கு முன்பே கெண்டக்கியில் குடியேறி இருந்தவருக்கு 400 ஏக்கர் குடியேற்ற உரிமை, அதை ஒட்டி இன்னும் 1,000 ஏக்கரை முதலில் வாங்கிக்கொள்ளும் உரிமை. இரண்டும் இல்லாதவர் கருவூலத்தில் பணம் கட்டி வாரண்ட், அதாவது இத்தனை ஏக்கர் எடுத்துக்கொள்ளலாம் என்கிற அனுமதித் தாள், வாங்கலாம். ஆரம்ப விலை 100 ஏக்கருக்கு 40 பவுண்டு.

உங்களவருடைய 400 இதில் எந்த வழியில் வந்தது என்பது வாரண்ட் தாளிலேயே எழுதியிருக்கும். ஊகிக்கவே தேவையில்லை.

பிப்ரவரி 3, மாலை

வாரண்ட் எங்கே கிடைக்கும் என்று கேட்டவருக்கு: ஃபிராங்க்ஃபர்ட்டில் கெண்டக்கி மாநிலச் செயலர் அலுவலகத்தின் கீழ் நில அலுவலகம் இருக்கிறது. வர்ஜீனியா காலத்து வாரண்ட், சர்வே (அளவை), கிராண்ட் (பட்டா) மூன்றையும் அவர்கள் இணையத்தில் தேட வைத்திருக்கிறார்கள், காசு கிடையாது. கெண்டக்கி 1792 ஜூன் 1 அன்றுதான் தனி மாநிலம் ஆனது, அதுவரை வர்ஜீனியாவின் ஒரு பகுதி. அதனால் பழைய பட்டா எல்லாம் வர்ஜீனியா கவர்னர் கையெழுத்தில் இருக்கும்.

பிப்ரவரி 5

ஓர் உதாரணத்தை முழுசாகச் சொல்கிறேன். உங்கள் வீட்டுக் கதைக்கு ரொம்ப நெருக்கமானது: வர்ஜீனியா மிலிஷியா கேப்டன், கெண்டக்கி, 400 ஏக்கர். ஜனாதிபதி ஆப்ரகாம் லிங்கனின் தாத்தா. அவர் பெயரும் ஆப்ரகாம் லிங்கன்தான்.

பேரன் லிங்கன் பெரிய வக்கீல். நிலவழக்குகளில் புழங்கியவர். ஆனாலும் தாத்தாவைப் பற்றி அவருக்குத் தெரிந்தது கொஞ்சம். 1848-ல் அவர் காங்கிரஸில் இருந்தபோது மாசசூசெட்ஸ் ஹிங்கமில் இருந்து சாலமன் லிங்கன் என்பவர் நாம் உறவா என்று கேட்டு எழுதினார். லிங்கன் தனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிட்டு, சபையில் இருந்த வர்ஜீனியாவின் முன்னாள் கவர்னர் மெக்டவலிடம் போய், ராக்கிங்ஹாம் கவுன்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) எங்கள் பெயரில் யாராவது உண்டா என்று விசாரித்தார். டேவிட் லிங்கன் என்று ஒரு பெரியவர் இருப்பதாகத் தெரிந்ததும் உடனே அவருக்கும் கடிதம் எழுதினார். தன் அப்பா ஆறு வயதில் தகப்பனை இழந்து, புது நாட்டில் வறுமையில் படிப்பில்லாமல் வளர்ந்தவர், அதனால்தான் குடும்பக் கதை இவ்வளவு குறைவாகத் தெரிகிறது என்று சாலமனுக்கு எழுதிய கடிதத்தில் சொல்கிறார். அந்தக் கடிதத்தை எப்போது படித்தாலும் எனக்கு மனசு கனக்கும்.

1859 டிசம்பரில் எழுதிய சிறு தன்வரலாற்றில், தாத்தா 1781 அல்லது 82-ல் கெண்டக்கிக்கு வந்தார், ஓரிரு வருடத்தில் காட்டைத் திருத்தி வயலாக்கும்போது பழங்குடியினரால் கொல்லப்பட்டார் என்கிறார். நியூ இங்கிலாந்து (ஹிங்கம் இருக்கும் வடகிழக்குப் பகுதி) லிங்கன்களோடு தொடர்பு தேடியதில், இரண்டு பக்கமும் மொர்டெகாய், ஆப்ரகாம், லீவை மாதிரி ஒரே பெயர்கள் வருவதைத் தவிர உறுதியாக எதுவும் கிடைக்கவில்லை என்றும் எழுதினார்.

தாள்கள் வேறு கதை சொல்கின்றன. 1780 பிப்ரவரியில் தாத்தா லிங்கன் வர்ஜீனியாவில் லின்வில் க்ரீக்கில் இருந்த தன் நிலத்தை விற்கிறார். கிரயம் 5,000 பவுண்டு. பார்த்துப் பிரமிக்க வேண்டாம், போர்க்காலக் காகிதப் பணம் அப்போது அதலபாதாளத்தில் இருந்தது. மார்ச் 4 அன்று 160 பவுண்டு கட்டி 400 ஏக்கருக்குக் கருவூல வாரண்ட் வாங்குகிறார். 100 ஏக்கருக்கு 40 பவுண்டு என்கிற சட்டத்தின் கணக்கு அப்படியே பொருந்துகிறது. வாரண்ட் எண் 3334. மிலிஷியாவில் கேப்டனாக இருந்தவர்தான். நிலம் மட்டும் சொந்தப் பணத்தில் வாங்கியது.

பெயரைப் பாருங்கள்: தாளில் லிங்க்கார்ன் என்று இருக்கிறது. குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதியிருக்கிறார். உங்களவர் பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், அது எப்படியெல்லாம் காதில் விழுமோ அப்படியெல்லாம் எழுதி ஒவ்வொன்றாகத் தேடுங்கள்.

பிப்ரவரி 6

நேற்று அவசரமாக முடித்துவிட்டேன். சர்வேயைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாதிதான் சொன்னதாகும்.

கெண்டக்கியில் வாரண்ட் கையில் இருந்தால் நிலம் உங்களுடையது என்று அர்த்தமில்லை. எந்த இடம் என்று கவுன்டி சர்வேயரிடம் பதிவு செய்ய வேண்டும். பிறகு சங்கிலி பிடித்து அளக்க வேண்டும். அப்புறம்தான் கவர்னர் பட்டா. நடுவில் எந்தக் கட்டத்திலும் உரிமையை இன்னொருவருக்கு எழுதிக் கொடுத்துவிடலாம்.

தாத்தா லிங்கனுக்கு 1785 மே 7 அன்று அளந்தார்கள். ஜெஃபர்சன் கவுன்டி, ஃப்ளாய்ட்ஸ் ஃபோர்க்கின் கிளையான லாங் ரன் ஓடை. செக்குபந்தி இப்படிப் போகிறது: ஓடைக்கரையில் நிற்கும் ஒரு சர்க்கரை மேப்பிள் மரத்தில் தொடங்கி, கிழக்கே 300 ‘போல்’ (ஒரு நீள அளவு) தூரம், அங்கே ஒரு பாப்ளரும் ஒரு சர்க்கரை மேப்பிளும். வடக்கே 213⅓ போல், அங்கே பீச்சும் டாக்வுட்டும். மேற்கே 300, அங்கே வெள்ளை ஓக்கும் ஹிக்கரியும். தெற்கே 213⅓ போல் வந்து தொடங்கிய மரத்திலேயே முடிகிறது.

ஒரு போல் என்பது 16½ அடி. 160 சதுர போல் ஓர் ஏக்கர். 300-ஐ 213⅓-ஆல் பெருக்கினால் 64,000, அதை 160-ஆல் வகுத்தால் சரியாக 400. நிஜமான காட்டில் மேடுபள்ளம் ஏறி இறங்கி அளந்தால் இப்படிச் சுத்தமாக வராது. இந்த மாதிரி முழுக் கட்டமாக வருகிற சர்வேயை நான் எப்போதும் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். ஒன்றிரண்டு மரத்தை அடையாளம் வைத்துவிட்டு மீதிக் கோடுகளைக் காகிதத்தில் இழுத்துவிடுகிற பழக்கம் அந்த நாளில் நிறைய இருந்தது. மரமும் போய்விட்டால் எல்லையே இல்லை.

கீழே இருக்கும் பெயர்கள்தான் புதையல். சங்கிலி பிடித்தவர்கள் ஹனனையா லிங்கன், ஜோசையா லிங்கன். மரங்களில் அடையாளம் வெட்டியவர் ஆப்ரகாம் லிங்க்கார்ன். ஜோசையா அவருடைய இரண்டாவது மகன், அப்போது சிறுவன். ஹனனையா உறவினர். சங்கிலி பிடிக்கக் கூலிக்கு வெளியாள் வைக்காமல் வீட்டு ஆட்களையே கூட்டிக்கொண்டு போவது வழக்கம். உங்களவர் சர்வே கிடைத்தவுடன் முதலில் அந்த மூலையைப் பாருங்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். 1785 மே மாதம் அவர் கோடாலியோடு உயிருடன் நிற்கிறார். பேரன் எழுதிய கணக்குப்படி அதற்கு முன்பே அவர் இறந்திருக்க வேண்டும். இறந்தது 1786-ல்.

பிப்ரவரி 6, சற்று நேரம் கழித்து

சங்கிலி என்றதும் நம்மூர் நினைவு வந்தது. இங்கே பிடித்தது கன்டர் சங்கிலி, 66 அடி, 100 லிங்க். தமிழ்நாட்டுப் பழைய புலப்படங்களில் லிங்க் கணக்கில் எழுதியிருப்பதும் இதே சங்கிலிதான். எங்கள் தாத்தா காலத்துப் புலப்படத்தைப் பார்த்து வளர்ந்ததால், இங்கே முதல் வேலையில் மற்றவர்கள் திணறிய இடத்தில் எனக்கு எண்கள் பழகியவையாக இருந்தன. சந்தோஷமாக இருந்தது.

பிப்ரவரி 8

ஒஹையோவிலும் இப்படித்தானா என்று கேட்டிருக்கிறார் ஒருவர். ஒஹையோவின் பெரும்பகுதி வேறு முறை. 1785-ல் காங்கிரஸ் போட்ட நிலச் சட்டத்தின்படி முதலில் அரசாங்கமே அளந்து கட்டம் போட்டுவிடும்: ஆறு மைல் சதுர டவுன்ஷிப், உள்ளே 640 ஏக்கர் வீதம் 36 செக்‌ஷன். விற்பது அதற்குப் பிறகு. அந்த நிலங்களின் முதல் பட்டாக்களை மத்திய நில நிர்வாகத் துறையின் தளத்தில் பெயர் போட்டே பார்க்கலாம். ஆனால் ஒஹையோவிலேயே சயோட்டோ ஆற்றுக்கும் லிட்டில் மயாமி ஆற்றுக்கும் நடுவில் இருக்கும் பகுதி வர்ஜீனியா தன் படைவீரர்களுக்கு ஒதுக்கிக்கொண்டது. அங்கே கெண்டக்கி மாதிரியே மரமும் ஓடையும்தான் எல்லை.

பிப்ரவரி 9

கேள்வி கேட்டவர் இன்று எழுதியது: சர்வே கிடைத்துவிட்டது. 400 ஏக்கர்தான். ஆனால் வாரண்ட் வேறொருவர் பெயரில், எங்களவர் அவரிடமிருந்து எழுதி வாங்கியவர். அது ராணுவ வாரண்ட். அப்படியானால் குடும்பக் கதை உண்மைதானே?

நல்ல கண்டுபிடிப்பு. ஆனால் அந்த வாரண்டில் படையில் இருந்ததாகச் சொல்லப்படுபவர் யார் என்று பாருங்கள். வாரண்ட் பெற்றவர்தான் படைவீரர். உங்களவர் அதை வாங்கியவர். எழுத்துக்கூடத் தெரியாத எத்தனையோ வீரர்கள் அந்தத் தாளைக் கிடைத்த விலைக்கு விற்றுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். வாங்கிக் குவித்த வியாபாரிகள் பெரும் நிலக்காரர்கள் ஆனார்கள். இப்படிக் கைமாறிய தாளில் ‘ராணுவ’ என்ற சொல் இருப்பதாலேயே வாங்கியவரைப் போர்வீரர் என்று எழுதிவிட்ட குடும்ப மரங்கள் இணையத்தில் ஏராளம். வேலையில் அடிக்கடி பார்க்கிறேன், பார்க்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கும். நூறு ஏக்கருக்காக மூன்று வருடம் போரில் கிடந்தவரின் பெயர் அந்த மரத்தில் எங்கேயும் இருக்காது.

விற்றவர் பெயரைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மச்சானாகவோ பக்கத்து வீட்டுக்காரராகவோ இருக்கவும் வாய்ப்பு உண்டு.

பிப்ரவரி 12

இன்று லிங்கன் பிறந்தநாள். அவர் குடும்பக் கதையில் ஒரு தேதியைச் சொல்லியாக வேண்டும்.

வர்ஜீனியாவின் பழைய சட்டப்படி, உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால் நிலம் முழுக்க மூத்த மகனுக்கு. 1785-ல் அதை ஒழித்துப் புதுச் சட்டம் போட்டார்கள், எல்லாப் பிள்ளைகளுக்கும் சமபங்கு. அது நடைமுறைக்கு வந்தது 1787 ஜனவரி 1. தாத்தா லிங்கன் கொல்லப்பட்டது 1786-ல், உயில் கிடையாது. சில மாதம் முந்திவிட்டது. அத்தனை நிலமும் மூத்தவர் மொர்டெகாய்க்குப் போனது. கடைக்குட்டி தாமஸுக்கு ஒரு குழி நிலம் இல்லை. அந்தத் தாமஸ்தான் ஜனாதிபதியின் அப்பா.

தாமஸ் வளர்ந்து சம்பாதித்துத் தானே நிலம் வாங்கினார். 1803-ல் மில் க்ரீக்கில் 238 ஏக்கர், 118 பவுண்டு. சில வருடம் கழித்து விற்கும்போது 200 ஏக்கர்தான் விற்க முடிந்தது, அளவைக் குளறுபடியில் மீதி போயிற்று. லிங்கன் பிறந்த சிங்கிங் ஸ்பிரிங் நிலத்திலும் உரிமை வழக்கு. அடுத்த நாப் க்ரீக் நிலத்தில் வெளியேற்ற வழக்கு. ஒரே நிலத்துக்கு மூன்று நான்கு பேர் உரிமை கொண்டாடிய மாநிலத்தில் நேர்மையாக வாங்கிய விவசாயி பட்ட பாடு இது. கெண்டக்கிக்கு வழி திறந்த டேனியல் பூன் போன்றவரே அங்கே நிலத்தை இழந்தார். தாமஸ் 1816-ல் இண்டியானாவுக்குக் கிளம்பியதற்கு அடிமை முறை ஒரு காரணம், முக்கியக் காரணம் கெண்டக்கியின் நில உரிமைச் சிக்கல் என்று மகனே பின்னால் எழுதினார். இண்டியானாவில் அரசாங்கம் அளந்து கட்டம் போட்ட நிலம். 1817 அக்டோபரில் வின்சென்ஸ் நில அலுவலகத்தில் 160 ஏக்கருக்குப் பதிவு செய்தார்.

உங்களவர் குடும்பம் திடீரென்று கெண்டக்கியை விட்டுக் கிளம்பியிருந்தால், அந்த வருடத்துக்கு முன்பின் கோர்ட்டுப் புத்தகங்களைப் பாருங்கள். நிலவழக்கில் அக்கம்பக்கத்து முதியவர்கள் சாட்சி சொல்வார்கள்: நான் எந்த வருடம் இங்கே வந்தேன், அப்போது யார் குடிசை எங்கே இருந்தது, அந்த மரத்தை யார் வெட்டினார் என்று. வேறெங்கும் கிடைக்காத செய்தி அதில் கிடைக்கும்.

பிப்ரவரி 13

சொத்துப் பட்டியலை விட்டுவிட்டேன். ஒருவர் இறந்தால் கோர்ட்டு சிலரை நியமித்து வீட்டுச் சாமான்களை மதிப்புப் போடச் சொல்லும். தாத்தா லிங்கன் இறந்தது ஜெஃபர்சன் கவுன்டியில். அவர் சொத்து நிர்வாகம் பதிவானது 1788-ல் நெல்சன் கவுன்டியில். இறந்த கவுன்டியை மட்டும் தேடுபவருக்கு அது கிடைக்காது.

பட்டியலில் குதிரைகள், கன்றோடு பசுக்கள், களை கொத்தும் மண்வெட்டி மூன்று, ஒரு டஜன் பியூட்டர் (வெள்ளீயக் கலவை) தட்டு, இறகு மெத்தைகள், ரைஃபிள்கள். அதோடு தோல் சீவும் கத்தி ஒன்றும் மரப்பட்டை உரிக்கும் இரும்பு ஒன்றும். தோல் பதனிடத்தான் அந்த மரப்பட்டை. அவர் செய்த தொழில் அந்த ஒரு வரியில் கிடைக்கிறது.

பிப்ரவரி 15

சரி, இப்போது படைப் பதிவுக்கு வரலாம். நிலம், மனைவி, பக்கத்து வீட்டுக்காரர், வர்ஜீனியாவில் எந்த ஊர் என்று இவ்வளவும் கையில் வந்தபிறகு அந்த ஏழெட்டுப் பேரில் உங்களவரைப் பிரித்தெடுக்கலாம்.

1800 நவம்பரில் போர்த்துறை அலுவலகம் தீப்பற்றி ஆரம்பகாலப் பதிவுகள் போய்விட்டன. அதனால் புரட்சிப் போருக்கு நமக்கு மிஞ்சியதில் மிகவும் பயன்படுவது ஓய்வூதிய மனுக்கள்தான். தேசிய ஆவணக் காப்பகத்தில் சுமார் 80,000 கோப்புகள். 1818 சட்டம் காண்டினென்டல் வீரர்களில் வறியவர்களுக்கு. 1832 சட்டம்தான் கதவைத் திறந்துவிட்டது: ஆறு மாதம் பணிபுரிந்திருந்தால் போதும், மிலிஷியாவும் சேர்த்தி, ஏழை என்று நிரூபிக்க வேண்டாம்.

எழுபது எண்பது வயதுப் பெரியவர்கள் கோர்ட்டில் வந்து நின்று வாய்மொழியாகச் சொன்னார்கள். எங்கே எப்போது பிறந்தீர், வயதுக்கு எழுத்துச் சான்று உண்டா, படைக்குப் போகும்போது எங்கே குடியிருந்தீர், பின்னர் எங்கெங்கே வாழ்ந்தீர், அதிகாரிகள் யார், உம்மைத் தெரிந்த அண்டை வீட்டார் யார் என்று கேள்விகள். பதில்களை அப்படியே எழுதி வைத்திருக்கிறார்கள். விதவைகள் திருமணத்தை நிரூபிக்கக் குடும்ப பைபிளில் பிறப்பு இறப்பு எழுதிய பக்கத்தைக் கிழித்து அனுப்பினார்கள். அந்தப் பக்கங்கள் இன்னும் கோப்புக்குள் இருக்கின்றன.

எண்ணுக்கு முன்னால் எஸ் என்றால் வீரரே மனு செய்தது, டபிள்யூ என்றால் விதவை, ஆர் என்றால் நிராகரிக்கப்பட்டது. ஆர் கோப்புகளைத் தாண்டிப் போகாதீர்கள். நிராகரித்த பிறகு திரும்பத் திரும்ப மனு, மேலும் மேலும் சாட்சி என்று அவை பலசமயம் தடிமனாக இருக்கும்.

பிப்ரவரி 15, இரவு

ஒன்றைச் சேர்க்கிறேன். உங்களவர் 1832-க்கு முன்பே இறந்திருந்தால் அவரே செய்த மனு இருக்க வாய்ப்பு குறைவு. ஆனால் அவர் கேப்டனாக இருந்தால் அவருக்குக் கீழே இருந்தவர்கள் மனு செய்திருப்பார்கள், கேப்டன் பெயரைச் சொல்லியிருப்பார்கள். அதனால் உங்களவர் பெயரை விட்டுவிட்டு அவருடைய அண்டை வீட்டார் பெயர்களைத் தேடுங்கள். சர்வேயில் சங்கிலி பிடித்தவர்கள், பத்திரத்தில் சாட்சி போட்டவர்கள், வாரண்டை விற்றவர், எல்லோரையும்.

பிப்ரவரி 18

வழிவிலகல்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் செக்குபந்திகளில் ஓடைக்குப் பெயர் உண்டு, மரத்துக்குப் பெயர் உண்டு. அந்தக் காட்டில் தலைமுறை தலைமுறையாக வேட்டையாடிய ஷானி மக்களுக்கோ செரோக்கி மக்களுக்கோ ஒரு வரி இல்லை. 1768-ல் ஃபோர்ட் ஸ்டான்விக்ஸில் இரோக்வாய் என்கிற வேறு பழங்குடியினரின் தலைவர்கள் இந்த நிலத்தை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டார்கள், ஷானிகள் அதை ஒப்புக்கொள்ளவில்லை. 1775-ல் சைக்கமோர் ஷோல்ஸில் ஒரு கம்பெனி செரோக்கியிடம் வாங்கியதாகச் சொன்னது, வர்ஜீனியாவே அந்தக் கிரயத்தைச் செல்லாது என்றது. தாத்தா லிங்கன் கொல்லப்பட்டதை இந்தப் பின்னணியோடுதான் நான் படிப்பேன்.

இன்னொன்று. உங்களவர் உயிலையோ சொத்துப் பட்டியலையோ எடுக்கும்போது, குதிரைக்கும் கட்டிலுக்கும் நடுவில் மனிதர்களின் பெயர் விலையோடு வரலாம். வெறும் முதற்பெயர். தாத்தா லிங்கனின் தம்பி ஐசக் டென்னசியின் வட்டாகாவில் அடிமைகள் வைத்திருந்தார். அப்படி வந்தால் அந்தப் பெயர்களையும் முழுசாக எழுதி வெளியிடுங்கள், தயவுசெய்து. 1870-க்கு முன்னால் மக்கள்தொகைக் கணக்கில் பெயரில்லாத முன்னோரைத் தேடும் குடும்பங்களுக்கு அந்த ஒரு வரி கிடைப்பது பெரிய விஷயம். உங்கள் மாமியாருக்குக் கஷ்டமாக இருக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகச் சொல்லுங்கள்.

பிப்ரவரி 19

நியூ இங்கிலாந்து லிங்கன்களோடு தொடர்பு கடைசியில் கிடைத்ததா என்று கேட்டீர்கள். கிடைத்தது, நிலத்தால்தான். 1637-ல் ஹிங்கமுக்கு வந்த சாமுவேல் லிங்கனின் பேரன் மொர்டெகாய் நியூ ஜெர்சிக்குப் போனார், அங்கிருந்து பென்சில்வேனியா. 1736-ல் இறக்கும்போது உயிலில் நியூ ஜெர்சி மச்சபோனிக்ஸில் இருந்த 300 ஏக்கரை மகன் ஜானுக்கு எழுதி வைத்தார். ஜான் பின்னால் பென்சில்வேனியாவில் இருந்துகொண்டு அதை விற்றார். அந்த ஜான்தான் கேப்டன் ஆப்ரகாமின் அப்பா, 1768-ல் வர்ஜீனியா லின்வில் க்ரீக்குக்குப் போனவர். ஜனாதிபதி லிங்கன் பெயர்களின் ஒற்றுமையை மட்டும் பார்த்து நின்றுவிட்ட இடத்தை ஒரு துண்டு நிலம் தாண்ட வைத்தது.

அதோடு, ஜனாதிபதி லிங்கனுக்கே படைக்காக நிலம் கிடைத்தது. 1832-ல் பழங்குடியினரோடு நடந்த பிளாக் ஹாக் போரில் மிலிஷியா கேப்டனாக இருந்தார். 1850 சட்டத்தில் 40 ஏக்கர், 1855 சட்டம் அதை 160 ஆக உயர்த்தியதும் மீதி 120, இரண்டும் அயோவாவில். அவர் காலத்தில் மிலிஷியாவுக்கும் கிடைத்தது, தாத்தா காலத்தில் கிடைக்கவில்லை. எந்தப் போர், எந்தச் சட்டம் என்று பார்க்காமல் ‘படைக்கு நிலம் கொடுத்தார்கள்’ என்று பொதுவாகச் சொல்லவே கூடாது.

பிப்ரவரி 27

கேள்வி கேட்டவர்: வாரண்டை விற்றவர் 1832-ல் இண்டியானாவில் மனு செய்திருக்கிறார்! ராக்கிங்ஹாமில் மிலிஷியாவில் முதலில் சேர்ந்தபோது எங்களவர்தான் கேப்டன் என்று பெயர் சொல்லியிருக்கிறார். பிறகு காண்டினென்டல் படையில் சார்ஜென்டாகப் போர் முடியும்வரை. மாமியாருக்குப் படித்துக் காட்டினேன், அழுதுவிட்டார். நிலம் வாங்கியது என்று சொன்னதற்கு வருத்தப்படவில்லை, ‘யாரிடம் வாங்கினார், அவர் பெயரைச் சொல்’ என்றார்.

படித்து ரொம்ப சந்தோஷப்பட்டேன். உங்கள் மாமியார் கேட்டதுதான் சரியான கேள்வி.

ராக்கிங்ஹாம் என்றால் ஒரு விஷயம். 1864 ஜூனில் உள்நாட்டுப் போரில் அந்தக் கவுன்டியின் புத்தகங்களை வண்டியில் ஏற்றி எடுத்துப்போகும்போது தீ வைத்தார்கள். பாதி எரிந்த புத்தகங்கள் இன்னும் இருக்கின்றன, ஓரம் கருகி நடுப்பகுதி மட்டும் படிக்கக்கூடிய பக்கங்கள். பத்திரம் கிடைக்காவிட்டால் வரிப்பட்டியலுக்குப் போங்கள். வர்ஜீனியாவில் 1782 முதல் ஆண்டுதோறும் இருக்கிறது. வர்ஜீனியாவுக்கு 1790 மக்கள்தொகைக் கணக்கு இல்லை. கெண்டக்கிக்கு 1790-உம் இல்லை, 1800-உம் இல்லை. அந்த இடைவெளியை நிரப்புவது இந்தப் பட்டியல்தான்.

ஒரு வருடம் மட்டும் பார்க்காதீர்கள். வரிசையாகப் பாருங்கள். வீட்டில் 16 வயது நிரம்பிய பையன் இருந்தால் எண்ணிக்கை ஒன்று கூடும், அவன் 21 ஆனதும் தனிப் பெயராக வருவான். உங்களவர் பெயர் ராக்கிங்ஹாம் பட்டியலிலிருந்து மறையும் வருடமும் கெண்டக்கியில் தோன்றும் வருடமும் அடுத்தடுத்து வந்தால், மலை தாண்டியது அந்த நடுவில்தான்.

மார்ச் 1

அவர் கேட்டது: பக்கத்து நிலக்காரர்கள் பெயர் ஒரே தாளில் கிடைக்குமா? ஒரே தாளில் கிடைக்காது. அந்த ஓடையின் பெயரைப் போட்டு ஃபிராங்க்ஃபர்ட் தளத்தில் எல்லா சர்வேயையும் இறக்குங்கள், ஒவ்வொன்றையும் ஒரே அளவில் வரைபடத்தாளில் வரைந்து வெட்டி, ஒட்டிப் பாருங்கள். திசைகாட்டியின் வடக்கு அன்றைக்கும் இன்றைக்கும் சில பாகை மாறியிருக்கும், அதைக் கணக்கில் வைத்துத் திருப்புங்கள். உங்களவர் கோட்டில் வரும் வெள்ளை ஓக் இன்னொருவர் கோட்டிலும் மூலை மரமாக வந்தால் அவர்தான் பக்கத்துக்காரர். அவர் பெயரை இங்கே எழுதுங்கள், அவருடைய வரிப்பட்டியலை நான் பார்த்துச் சொல்கிறேன்.